முத்தின் நிறமும் விற்பவர் சொல்லும்

தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடைபெற்ற காலத்தில், கரையேறிய சிப்பிகள் திறக்கப்படாமலே ஆயிரக்கணக்கில் ஏலம் விடப்பட்டு வந்தன. ஏலம் எடுப்பவர், தாம் வாங்கும் குவியலுள் முத்து உண்டா இல்லையா என்பதை அறியார். ஏலம் விடும் அதிகாரியும் அறியார். சிப்பி அழுகித் திறந்த பின்னரே ஒருவர் செல்வரானதும் மற்றொருவர் முதலிழந்ததும் தெரியவரும். நட்டமடைந்தவர் தம் அதிர்ஷ்டத்தை நொந்துகொண்டாரேயன்றி, ஏமாற்றப்பட்டதாக முறையிட அவருக்கு இடமில்லை. ஏனெனில் அறியாமை இரு தரப்பாருக்கும் பொதுவாயிருந்தது. அத்தகைய முத்துக்குளிப்பு அங்குக் கடைசியாக 1961ஆம் ஆண்டில் நடைபெற்றது.

இன்று முத்து வேறொரு வகை ஏலத்துக்கு வந்திருக்கிறது. கைப்பேசித் திரையில் ஒரு மாலையின் படம் தோன்றுகிறது. அதன் கீழே நான்கு வரி விவரம். பக்கத்தில் ஏலம் முடிய இன்னும் எத்தனை நிமிடம் என்று காட்டும் கடிகாரம். நாட்டின் எக்கோடியில் இருப்பவரும், வெளிநாட்டிலுள்ள விற்பனையாளரிடம்கூட, இருந்த இடத்திலிருந்தே விலை கேட்கலாம். வசதி பெரிதே. ஆயினும் பழைய ஏலத்துக்கும் இதற்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. இங்கே விற்பவர் முத்தைக் கையில் வைத்திருக்கிறார். அதை யாரிடம் என்ன விலைக்கு வாங்கினார் என்பது அவருக்குத் தெரியும். அதன் நிறம் சிப்பியில் பிறந்ததா, பட்டறையில் பிறந்ததா என்பதும் பெரும்பாலும் தெரியும். வாங்குபவருக்கோ முத்தைத் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பே இல்லை. அவர் உண்மையில் பணம் கொடுத்து வாங்குவது அந்த நான்கு வரிகளைத்தான்.

முத்துக்குச் சாயமேற்றுவது குற்றமன்று. சாயமேற்றியதைச் சொல்லாது விற்பதே குற்றம். ஆதலின் இணைய ஏலத்தில் முத்து வாங்க விரும்புவோர், முத்தின் படத்தைக் காட்டிலும் அதன் விவரத்தையே கூர்ந்து படிக்க வேண்டும். நிறம் எவ்வாறு வந்தது என்று எழுதப்படாத கறுப்பு முத்தையும் பொன்னிற முத்தையும் சாயமேற்றியவையென்றே கொண்டு, அதற்குரிய விலைக்கு மேல் கேட்காதிருக்க வேண்டும். இது கடுமையான விதியாகத் தோன்றலாம். ஆனால் முத்தின் இயல்பையும் சாயமேற்றும் முறைகளையும் அறிந்தவர், இதைவிட எளிய பாதுகாப்பு வேறில்லை என்பதை ஒப்புவர்.

முத்து என்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டே. சுண்ணாம்புக் கல்லிலும் முட்டை ஓட்டிலும் உள்ள அதே பொருள், சிப்பியின் உடலுக்குள் மிக மெல்லிய தகடுகளாகப் படிகிறது. ஒவ்வொரு தகடும் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு கனமுடையது. தகடுகளுக்கிடையே காரை பூசியதுபோல் ஒரு வகைப் புரதம் அமைந்திருக்கிறது. ஒளி இத்தகடுகளில் பட்டுத் திரும்பும்போது அலைகள் ஒன்றோடொன்று கலப்பதால், முத்தின் மேல் ஒரு நிறச்சாயல் மிதப்பதுபோல் தோன்றுகிறது. முத்தைத் திருப்பத் திருப்ப இச்சாயலும் நகரும். இதற்கும் அடியில் முத்தின் உடல்நிறம் உள்ளது. இந்த உடல்நிறத்தைத் தருவன சிப்பி தானே உண்டாக்கும் நிறமிகள். அவை சிப்பியின் இனத்துக்கு இனம் மாறுபடும். விற்பனையாளர் எவ்வளவு சாமர்த்தியமாக எழுதினாலும், ஓரினச் சிப்பி தன் இயல்புக்கு மாறான நிறத்தைத் தராது.

மன்னார் வளைகுடாச் சிப்பியும், ஜப்பானியர் அகோயா என்று வழங்கும் சிப்பியும் நெருங்கிய உறவுடையவை. இவை வெண்மை, பாலேட்டு நிறம், இலேசான மஞ்சள், சில வேளை நீலங்கலந்த சாம்பல் ஆகிய நிறங்களில் முத்துத் தருகின்றன. கரிய முத்துத் தருவதில்லை. பெரிய வெள்ளிநிற முத்தும் பொன்னிற முத்தும் ஆஸ்திரேலியா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், மியன்மார் ஆகிய நாடுகளின் கடல்களில் வளரும் பெருஞ்சிப்பியில் விளைகின்றன. தஹீத்தி முத்து என்று பெயர்பெற்ற கரிய முத்து, பிரெஞ்சுப் பாலினேசியத் தீவுகளில் வளர்க்கப்படும் கருவிளிம்புச் சிப்பியில் விளைவது. இச்சிப்பி நமது அந்தமான் கடலிலும் உண்டு. மெக்சிகோவின் மேற்குக் கடலிலும் வேறோரினச் சிப்பி இயற்கையாகவே கருநிற முத்தைத் தருகிறது. நன்னீர்ச் சிப்பிகளின் முத்துகள் வெண்மை, இளஞ்சிவப்பு, ஆரஞ்சு, இளம் ஊதா முதலிய நிறங்களில் கிடைக்கின்றன. நன்னீர் முத்தில் மையைப்போன்ற கறுப்பு நிறம் இயற்கையாக அமைவதில்லை. இன்று சந்தையில் மலிந்து கிடக்கும் கறுப்பு நன்னீர் முத்து மாலைகள் யாவும் செயற்கையாக நிறமூட்டப்பட்டவையே.

நிறமூட்டும் முறைகள் பல. அவற்றுள் ஒன்று வெள்ளி நைட்ரேட் முறை. முத்தை அவ்வுப்பின் கரைசலில் ஊறவைத்து, பின்னர் ஒளியிலோ ஹைட்ரஜன் சல்பைடு வாயுவிலோ வைத்தால், தகடுகளுக்கிடையேயுள்ள புரதத்தில் வெள்ளி நுண்துகள்களாகப் படிந்து முத்துக் கறுக்கும். பழைய புகைப்படத் தகட்டில் நிகழ்ந்த வினையே இங்கும் நிகழ்கிறது என்று ஆசிரியர்கள் மாணவர்க்கு எளிதில் விளக்கலாம். துணிக்கு ஏற்றுவதைப்போன்ற கரிமச் சாயங்களை ஏற்றுவது இரண்டாவது முறை. பொன்னிறம், பச்சை, நீலம், பழுப்பு என வேண்டிய நிறத்தை இதனால் பெறலாம். மூன்றாவது, காமாக் கதிர்களைச் செலுத்துதல். இதன் விளைவு சற்று விந்தையானது. கடல் முத்து வளர்ப்பில் சிப்பிக்குள் வைக்கப்படும் மணி, நன்னீர்ச் சிப்பியின் ஓட்டிலிருந்து கடைந்தெடுக்கப்படுவது. அதில் மாங்கனீசு கலந்திருப்பதால் கதிர் பட்டதும் மணி கறுக்கிறது. மேலே படிந்த கடல் முத்துப் படலம் கறுப்பதில்லை. ஆகவே உள்ளே இருண்ட மணியும் வெளியே வெண்படலமுமாக, முத்து முழுவதும் நீலச்சாம்பலாய்த் தோன்றும். நன்னீர் முத்திலோ படலமே கறுத்துவிடும். கதிர் செலுத்திய முத்துக் கதிரியக்கமுடையது என்று சிலர் அஞ்சுவதுண்டு. காமாக் கதிர் அவ்வாறு செய்யாதாகலின் அந்த அச்சம் வேண்டுவதில்லை.

இங்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பக்குவப்படுத்தாத முத்துச் சந்தையில் அரிது. ஐதராபாத்தில் நீண்டகாலமாக முத்தைத் துளையிட்டும், ஹைட்ரஜன் பெராக்சைடில் வெளுத்தும், தரம்பிரித்தும், கோத்தும் விற்று வருகின்றனர். ஜப்பானிய வெண்முத்துகளுள் பெரும்பாலானவை வெளுக்கப்பட்ட பின் மெல்லிய இளஞ்சிவப்பும் ஊட்டப்படுகின்றன. ஆகவே கைபட்ட முத்து என்பதற்காகவே ஒன்றை இகழ்வது அறியாமை. பச்சை நிற மாலையொன்றைச் சாயமேற்றியது என்று சொல்லி, அழகுக்காகவே சில நூறு ரூபாய்க்கு விற்பவர் நேர்மையான வணிகர். அதை வாங்கி மகிழும் பெண்மணியும் ஏமாந்தவரல்லர். சாயமேற்றிய நன்னீர் மாலைக்கும் தஹீத்தித் தீவின் மாலைக்கும் விலையில் பன்மடங்கு வேறுபாடு இருக்கும்போது, முன்னதைப் பின்னதன் பெயரால் விற்பதுதான் வஞ்சனை.

அந்த வஞ்சனை பொய் சொல்லியே நடைபெற வேண்டுமென்பதில்லை. என்னோடு பணிபுரிந்த அம்மையார் ஒருவர், தம் மகளின் திருமணத்தை முன்னிட்டு, இணைய ஏலமொன்றில் கறுப்பு முத்து மாலையொன்றை 11,400 ரூபாய்க்கு எடுத்தார். ஏலம் முடிய நான்கு நிமிடம் இருக்கும்போது விலை ஏழாயிரத்தில் நின்றது. எஞ்சிய தொகை அந்த நான்கு நிமிடத்தில் ஏறியது. விவரத்தில் 'உண்மையான முத்து, கறுப்பு, தஹீத்தி நிறம், உயர்ந்த தரம்' என்று எழுதியிருந்தது. திருமணம் கழிந்து, கோடை வியர்வையில் சில நாள் அணிந்த பின், மாலையைக் கோத்த வெண்பட்டு நூல் முடிச்சுகளின் அருகே கரும்பச்சையாகியிருந்தது. அவர் விற்பனையாளருக்கு எழுதிய கடிதத்துக்கு மிகப் பணிவான மறுமொழி வந்தது. முத்து உண்மையானதே, சிப்பியில் விளைந்ததே, தஹீத்தி நிறம் என்று எழுதினோமேயன்றித் தஹீத்தி முத்து என்று எழுதவில்லை, நிறம் இயற்கையானது என்று எங்கும் கூறவில்லை, திருப்பி அனுப்புவதற்குரிய நாளும் கடந்துவிட்டது. அம்மறுமொழியை நான் இருமுறை படித்தேன். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவனாதலால் எனக்கு இதில் தனி அக்கறை உண்டு. முத்து வாணிகத்தில் வழங்கும் சில சொற்கள் ஒன்றைச் சொல்வதுபோல் தோன்றி வேறொன்றைச் சொல்பவை. 'உண்மையான முத்து' என்றால், கண்ணாடி மணியோ பிளாஸ்டிக் மணியோ அன்று என்பதே பொருள். அது சாயமேற்றப்படாதது என்னும் பொருள் அச்சொல்லில் இல்லை. 'இயற்கை முத்து' என்றால் மனித உதவியின்றிச் சிப்பியில் தானே தோன்றியது; இன்று அது மிக அரிது. 'இயற்கை நிற முத்து' என்றால் வளர்ப்பு முத்தாக இருக்கலாம், நிறம் மட்டும் சிப்பியுடையது. இவ்விரண்டையும் வேண்டுமென்றே குழப்பி 'இயற்கையான கறுப்பு முத்து' என்று எழுதிவிட்டால், 'இயற்கை' எதைச் சாரும் என்பதை வாசிப்பவர் தம் விருப்பம்போல் கொள்வார். 'தென்கடல் ஓட்டு முத்து' என்று ஒன்று விற்கப்படுகிறது. அது முத்தே அன்று. சிப்பி ஓட்டிலிருந்து செய்த மணியின்மேல் செயற்கைப் பூச்சு இட்டது அது. தஹீத்தி 'நிறம்', 'பாணி', 'வகை' என்னும் ஒட்டுச் சொற்கள் வருமிடமெல்லாம் தஹீத்தி இல்லை என்று கொள்வதே தகும். மூன்று ஆங்கில எழுத்துகளைச் சேர்த்தெழுதும் தரக்குறியீடுகளுக்கு உலகெங்கும் ஒப்புக்கொள்ளப்பட்ட ஒரே அளவுகோல் கிடையாது. ஒருவர் கடையில் மூன்றெழுத்துப் பெறும் முத்து மற்றொருவர் கடையில் ஓரெழுத்தே பெறக்கூடும்.

இத்தகைய விவரங்களை இயந்திரம் தமிழாக்கித் தரும்போது நிலைமை மேலும் மோசமாகிறது. 'வளர்ப்பு முத்து' என்று வரவேண்டிய இடத்தில் 'பண்பாடுள்ள முத்து' என்று ஒரு பட்டியலில் கண்டேன். முத்துக்குப் பண்பாடு இருப்பது நன்றே. விற்பவருக்கும் இருந்தால் இன்னும் நன்று. நகைச்சுவை ஒருபுறமிருக்க, இதன் கேடு பெரிது. விற்பவர் மூலத்தில் 'சாயமேற்றியது' என்று நேர்மையாகவே எழுதியிருந்தும், தமிழாக்கத்தில் அது 'வண்ணமயமானது' என்றாகிவிடின் குற்றம் யாருடையது? ஆதலின் தமிழில் படிப்பவர், ஐயமான இடத்தில் மூல விவரத்தையும் ஒருமுறை பார்த்தல் வேண்டும். ஆங்கிலம் அறிந்த ஒருவரைக் கொண்டு படிப்பித்தலும் தகும். நம் ஆசிரியர்கள் தங்கள் ஊர்களில் இவ்வுதவியைச் செய்யத் தக்கவர்கள்.

ஏலத்தில் விலை கேட்பதற்கு முன், விற்பவருக்கு எழுத்தால் வினா விடுக்க வேண்டும். தொலைபேசியில் கேட்பது பயனற்றது. வினா இவ்வாறு அமையலாம்: 'இம்முத்தின் நிறம் சிப்பியில் விளைந்ததா? சாயம், வெள்ளி நைட்ரேட், கதிர் ஆகியவற்றுள் எதனாலேனும் நிறம் மாற்றப்பட்டதா? எவ்வினச் சிப்பியின் முத்து, எந்நாட்டில் விளைந்தது? மாற்றப்பட்டதென்று ஆய்வுக்கூடம் கூறின் பணத்தைத் திருப்பித் தருவீர்களா?' நேர்மையானவர் இரண்டு வரியில் விடையளிப்பார். 'எங்களிடம் வாங்கிய யாவரும் திருப்தியடைந்துள்ளனர்' என்பது விடையன்று. 'எங்களுக்கு வந்தபடியே விற்கிறோம்' என்பதும் விடையன்று. விடையே வராவிட்டால், அதுவும் ஒரு விடையே. வினாவையும் மறுமொழியையும் விவரப் பக்கத்தின் படத்தையும் அன்றே சேமித்து வைத்துக்கொள்ள வேண்டும். ஏலம் முடிந்தபின் சில பக்கங்கள் மறைந்துவிடும், சில மாற்றி எழுதப்படும்.

படத்திலும் சில குறிப்புகள் கிடைக்கும். இயற்கை நிறங்கொண்ட மாலையில் எல்லா முத்தும் ஒரே அச்சில் வார்த்தனபோல் இருப்பதில்லை. ஒன்று பச்சைச் சாயலும், மற்றொன்று நீலச் சாயலும், இன்னொன்று கத்தரிப்பூச் சாயலுமாக மெல்லிய வேறுபாடு இருக்கும். ஐம்பது முத்தும் ஒரே மைக்கறுப்பாய்த் தோன்றி, மேலே மிதக்கும் சாயல் எதுவுமின்றி இருந்தால் ஐயுற வேண்டும். ஆயின் திறமையாக நிறமூட்டுவோர் இவ்வேறுபாட்டையும் போலியாக அமைக்க வல்லவர். விளக்கொளியும் படந்திருத்தும் கருவியும் எந்நிறத்தையும் எந்நிறமாகவும் காட்டும். இதனால் படத்தைக்கொண்டு சாயமேற்றியது என்று ஐயுறலாமேயன்றிச் சாயமேற்றாதது என்று துணிதல் கூடாது. துளையின் வாயைப் பகலொளியில் அருகிலிருந்து எடுத்த படம் வேண்டும் என்று கேட்பது, முழு மாலையின் பத்துப் படங்களைவிடப் பயன் தரும்.

படத்தைவிட நம்பத்தக்க குறிப்பு அளவு. கருவிளிம்புச் சிப்பியின் வளர்ப்பு முத்துகள் பெரும்பாலும் 8 மில்லிமீட்டருக்கும் 14 மில்லிமீட்டருக்கும் இடைப்பட்டவை. அகோயா முத்தோ 9 மில்லிமீட்டருக்கு மேல் அரிது. ஆகவே 6 மில்லிமீட்டர் அளவில், நன்றாக உருண்ட, கரிய முத்து மாலை தஹீத்தியினுடையது என்று குறைந்த விலைக்கு வந்தால், அது சாயமேற்றிய அகோயாவாகவோ நன்னீர் முத்தாகவோ இருப்பதற்கே இடம் மிகுதி. மேற்சொன்ன அம்மையாரின் மாலை 6.5 மில்லிமீட்டர் என்று விவரத்திலேயே எழுதியிருந்தது. அந்த எண் ஒன்றே போதுமானதாயிருந்தது.

பொருள் கைக்கு வந்ததும், திருப்பி அனுப்புவதற்குரிய நாள் கடக்குமுன் பார்த்துவிட வேண்டும். பெட்டியில் பூட்டிவைத்துத் திருமண நாளன்று திறப்பதில் பயனில்லை. பள்ளி ஆய்வுக்கூடத்தில் உள்ள பத்து மடங்கு உருப்பெருக்கியே போதும். துளையின் ஓரத்திலும், மேற்பரப்பின் சிறு குழிகளிலும் கீறல்களிலும் நிறம் திரண்டு அடர்ந்திருந்தால் அது சாயத்தின் அடையாளம். துளைக்குள் நோக்கும்போது வெளிப்படலம் வெளிறியும் உள்மணி கறுத்தும் தோன்றினால் கதிர் செலுத்தியிருக்கலாம். முத்தைத் தொட்ட நூலின் பகுதி நிறம் பற்றியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். முத்தைப் பல்லில் உரசிப் பார்ப்பது நம் வீடுகளில் பரவியுள்ள வழக்கம். நறநறவென்றால் முத்து, வழுக்கினால் போலி என்பர். போலி மணியைக் கண்டறிய இது ஓரளவு உதவும். சாயமேற்றிய முத்தும் சிப்பி முத்தே ஆதலால் அதுவும் நறநறக்கவே செய்யும்; நிறத்தைப் பற்றிப் பல் ஒன்றும் அறியாது. அசிட்டோனில் நனைத்த பஞ்சால் துடைத்துப் பார்க்குமாறு சிலர் கூறுவர். இது முத்தைக் கெடுக்கக்கூடும். மேலும், வெள்ளி நைட்ரேட்டால் கறுத்த முத்தில் பஞ்சு வெண்மையாகவே இருக்கும். அமிலம் எதனையும் முத்தருகே கொண்டுபோகலாகாது. கால்சியம் கார்பனேட்டுக்கும் அமிலத்துக்கும் உள்ள பகையை வேதியியல் ஆசிரியர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

உறுதியான தீர்ப்பு ஆய்வுக்கூடத்தில்தான் கிடைக்கும். கருவிளிம்புச் சிப்பியின் முத்து, நீண்ட அலைகொண்ட புறஊதா ஒளியில் செம்பழுப்பாய் ஒளிர்வது வழக்கம். சாயமேற்றிய கறுப்பு முத்துப் பெரும்பாலும் அவ்வாறு ஒளிர்வதில்லை. வெள்ளி ஏறிய முத்தின் எக்ஸ் கதிர்ப் படத்தில் உள்மணிக்கும் படலத்துக்கும் இடையே வெண்ணிற வளையம் தோன்றும். வெள்ளி எக்ஸ் கதிரைத் தடுப்பதே காரணம். ஒளிர்வு நிறமாலைக் கருவியால் அவ்வெள்ளியை நேரடியாகவே கண்டறியலாம். ஜெய்ப்பூரிலும் மும்பையிலும் இத்தகைய சோதனை செய்யும் ஆய்வுக்கூடங்கள் உள்ளன. ஆயிரம் ரூபாய் மாலைக்குச் சோதனைக் கட்டணம் செலவழிப்பது அறிவுடைமையாகாது. பெருந்தொகை கொடுத்து வாங்குபவரோ, சோதனைச் சான்றிதழ் முன்னரே உள்ள முத்தையே வாங்குவது நலம். அச்சான்றிதழ் விற்பவரே அச்சிட்டதா, தனி ஆய்வுக்கூடம் தந்ததா என்பதை, எண்ணைக் கொடுத்து அந்த ஆய்வுக்கூடத்திடமே கேட்டறியலாம்.

சட்டம் வாங்குபவர் பக்கமே நிற்கிறது. ஆனால் எல்லா ஏலத்திலும் ஒரே அளவில் நிற்பதில்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், முக்கியமான செய்தியை வேண்டுமென்றே மறைப்பதையும் தவறான வழியில் செலுத்தும் விளம்பரம் என்றே வகைப்படுத்துகிறது. 'நிறம் இயற்கையென்று நாங்கள் சொல்லவில்லையே' என்னும் வாதத்துக்கு இதுவே தக்க விடை. 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் கண்ட இயல்புகள் இல்லாத பொருளைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுத்தலாகாது. முறையீட்டை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கும் தீராவிடின், வாங்கியவர் தாம் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே இரண்டாண்டுக்குள் வழக்கிடலாம். ஐந்து இலட்சம் ரூபாய் வரையுள்ள பொருளுக்குக் கட்டணமில்லை. ஆனால் மின்வணிக விதிகள், தொழிலாக அன்றித் தனிப்பட்ட முறையில் எப்போதேனும் ஒரு பொருளை விற்கும் தனிமனிதருக்குப் பொருந்தா. 'பாட்டியின் பெட்டியில் இருந்த மாலை' என்று ஏலத்துக்கு வருவன பலவும் இவ்வகையைச் சேர்ந்தவை. அல்லது சேர்ந்தவைபோல் எழுதப்பட்டவை. அங்கே விதியின் துணை குறைவு என்பதை நினைவில் வைத்தே விலை கேட்க வேண்டும். கடல்கடந்த நாட்டிலுள்ள விற்பனையாளரைச் சட்டப்படி எட்டிப்பிடிப்பதும் நடைமுறையில் எளிதன்று.

அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 2018ஆம் ஆண்டில் திருத்தி வெளியிட்ட நகை வழிகாட்டிகள், வளர்ப்பு முத்தை வெறுமனே 'முத்து' என்று விற்பதே தவறு என்கின்றன. விலையைப் பெரிதும் பாதிக்கும் பக்குவம் எதனையும் வெளிப்படுத்த வேண்டும் என்றும் கூறுகின்றன. உலக நகைக் கூட்டமைப்பின் முத்து நூலும் சாயத்தையும் கதிரையும் வெளிப்படுத்தக் கோருகிறது. இங்கும் முத்து விற்கும் ஒவ்வோர் இணையப் பக்கத்திலும் 'நிறம்' என்னும் கட்டத்தையடுத்து 'நிறத்தின் பிறப்பு' என்று ஒரு கட்டம் கட்டாயமாக்கப்பட வேண்டும் என்று கருதுகிறேன். அதில் 'சிப்பியில் விளைந்தது', 'ஊட்டப்பட்டது', 'தெரியாது' என்னும் மூன்றனுள் ஒன்றை விற்பவர் தெரிந்தெடுத்தாக வேண்டும். 'தெரியாது' என்பதற்கும் இடம் தருவது ஏனெனில், உண்மையிலேயே அறியாத சிறு விற்பனையாளர் உண்டு. அவர் அறியாமையைச் சொல்லிவிட்டால், பழைய தூத்துக்குடி ஏலத்தைப்போல் இரு தரப்பும் சமமாகிவிடும்.

வணிகருள் சிலர் இதை மறுப்பர். கறுப்பு நன்னீர் முத்து சாயமேற்றியது என்பது தொழிலில் யாவரும் அறிந்த செய்தி, அதை ஒவ்வொரு முறையும் எழுதுவது வீண் என்பது அவர்கள் வாதம். தொழிலில் உள்ளவர் அறிவர் என்பது மெய். மாதச் சம்பளத்தில் மிச்சம்பிடித்து மகளுக்கு ஒரு மாலை வாங்குபவர் தொழிலில் உள்ளவரல்லர். அவர் அறியாமலிருப்பதால்தான் அந்த விலை கிடைக்கிறது என்பதையும் வணிகர் அறிவர்.

இதில் நம் நாட்டு விளைவிப்போரின் நலனும் அடங்கியிருக்கிறது. மத்தியக் கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார் 1973ஆம் ஆண்டில் தூத்துக்குடிப் பகுதியில் முத்து வளர்ப்பில் வெற்றி கண்டனர். புவனேசுவரத்திலுள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனம் குளத்துச் சிப்பியில் முத்து வளர்க்கும் முறையை உழவர்க்குப் பயிற்றி வருகிறது. இன்று பல மாநிலங்களில் சிறு உழவர்களும் இளைஞர்களும் குளங்களில் இதை முயல்கின்றனர். ஓராண்டுக்கும் மேலாகச் சிப்பியைப் பேணி, பலவற்றை இழந்து, எஞ்சியதில் விளைந்த மென்னிற முத்தை ஒருவர் இணையத்தில் ஏலத்துக்கு வைக்கும்போது, பக்கத்துப் பட்டியலில் பளிச்சென்ற சாய முத்து 'இயற்கை' என்னும் பெயரில் பாதி விலைக்கு நிற்கிறது. வாங்குபவர் எதை எடுப்பார்? ஒருமுறை ஏமாந்தவர் பின்னர் நேர்மையான முத்தையும் நம்பமாட்டார்.

எனவே முத்து வளர்ப்பைப் பயிற்றும் களப்பணியாளர்கள், சிப்பியில் மணி வைக்கும் முறையோடு, விளைந்ததை எவ்வாறு எழுதி விற்பது என்பதையும் கற்பிக்க வேண்டும். 'வளர்ப்பு முத்து, நன்னீர், சிப்பியின் இனம் இது, விளைந்த மாவட்டம் இது, நிறம் சிப்பியில் விளைந்தது, வெளுக்கப்பட்டது அல்லது வெளுக்கப்படவில்லை.' இவ்வளவே போதும். பயிற்சி பெற்றவர்களுள் எவரேனும் தம் முத்துக்குச் சாயமேற்றி விற்க விரும்பினால், தடுக்க வேண்டியதில்லை. கடைசி வரியை மாற்றி எழுதச் சொன்னால் போதும். இவ்விவரச் சீட்டின் படியொன்றைப் பயிற்சியின் முதல் நாளிலேயே, சிப்பி கைக்கு வருமுன், ஒவ்வொருவரிடமும் கொடுத்துவிடலாம்.